செடியில்லாத அறையின் வாசனை

"ஃபோக்கோ! யோவ் ஃபோக்கோ! எங்கய்யா போய்த் தொலைஞ்ச?"

ஏணியின் ஐந்தாவது படியில் நின்று கத்தினாள் தாலேயா. பதினெட்டுக் கிலோ கூரைப் பலகை ஒன்று அவள் தலை மீதும் இரண்டு உள்ளங்கைகள் மீதும் உட்கார்ந்திருந்தது. கொக்கி இன்னும் மாட்டப்படவில்லை. மாட்ட வேண்டிய ஆளைக் காணோம். கையை எடுத்தால் பலகை விழும், பலகையோடு அவளும் விழுவாள்.

பழைய பால்பண்ணைக் கூடத்தின் மறுகோடியிலிருந்து பதில் வந்தது.

"தண்ணி கொதிச்சிருச்சு தலைவி! இப்ப விட்டா டீ கசந்துரும்!"

"நான் இப்ப விட்டா செத்துருவேன்யா!"

"மூணே நிமிஷம்!"

காலை ஏழு மணி. மாலை மூன்று மணிக்கு அனுமதி அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வருகிறார். அதற்குள் கூடத்தின் நடுவே செடி வளர்க்கும் இந்த அறை எழுந்து நிற்க வேண்டும். பதினாறு சுவர்ப் பலகைகள், எட்டுக் கூரைப் பலகைகள், ஒரு கதவு, ஓர் உறிஞ்சு விசிறி, வாசனையைப் பிடிக்க ஆள் உயரத்துக்கு ஒரு கரி வடிகட்டி. எல்லாம் பெட்டி பெட்டியாக வந்தவை. பொம்மை வீடு மாதிரி ஒன்றோடொன்று மாட்டினால் போதும், இரண்டு பேர் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று பெட்டியின் மேல் படத்தில் ஒரு ஜோடி சிரித்துக்கொண்டு நின்றது. தாலேயாவும் ஃபோக்கோவும் நான்காவது நாளாக மாட்டிக்கொண்டிருந்தார்கள். சிரிக்கவில்லை.

தாலேயா போம்கார்டன், ஓஸ்டர்ஹாம் கஞ்சா வளர்ப்புச் சங்கத்தின் தலைவி. கஞ்சா வளர்க்கலாம் என்று சட்டம் மாறிய கையோடு ஊரில் தொண்ணூற்று நான்கு பேர் சேர்ந்து பதிவு செய்த சங்கம். தலைவரைத் தேர்ந்தெடுத்த அன்று அவள் மூக்கைச் சொறியத்தான் கையைத் தூக்கினாள், கூட்டம் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டது என்று ஃபோக்கோ இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிவருகிறான்.

அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை சங்கத்தின் கட்டடத்தில் ஒரு விதைகூட ஈரத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தது தெரிந்தால் விண்ணப்பம் குப்பைக்கூடைக்குப் போகும், தலைவி நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். தாலேயா அந்த விதியை எழுத்துக்கு எழுத்து காப்பாற்றி வந்தாள். கூடத்தில் ஒரு துளசித் தொட்டியைக்கூட வைக்க விடவில்லை.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

பச்சையான, பிசுபிசுப்பான, மூக்கின் பின்புறம் வரை போய் ஒட்டிக்கொள்ளும் வாசனை. தப்பே இல்லை. கஞ்சாப் பூவின் வாசனை. செடியே இல்லாத கூடத்தில், பலகைகளின் பிளாஸ்டிக் நெடியை அமுக்கிக்கொண்டு வந்தது.

ஏணியில் நின்றபடியே அவள் கைக்கடிகாரத்தைப் பார்க்க முயன்றாள். கடிகாரம் மணிக்கட்டின் அந்தப் பக்கம் இருந்தது.

"ஃபோக்கோ! மணி என்ன?"

"ஏழு ஒண்ணு!" கோப்பையும் கையுமாக வந்தான் ஃபோக்கோ. அறுபத்திரண்டு வயது. இதே பால்பண்ணையில் குளிர் அறைகள் மாட்டியே ஓய்வு பெற்றவன். கோப்பையைக் கீழே வைத்து, சட்டைப் பையிலிருந்து ஆலன் கீயை எடுத்து, கொக்கியைத் திருகினான். 'டக்.' அவ்வளவுதான் வேலை. அதற்குத்தான் இவ்வளவு கூச்சல்.

தாலேயா ஏணியிலிருந்து குதித்து வெளியே ஓடினாள்.

இந்த வாசனையைப் பற்றி அலுவலகத்துக்கு இதுவரை நாற்பத்தொரு புகார்க் கடிதங்கள் போயிருந்தன. நாற்பத்தொன்றும் பக்கத்து வீட்டு ரேம்ட் ஓல்ட்மன்ஸ் எழுதியவை. முப்பத்தெட்டு வருடம் கடலோர மதகில் வேலை பார்த்த மனிதர் அவர். நீர் மட்டத்தை நிமிடக் கணக்கில் குறித்துக் குறித்துப் பழகிய கை, ஓய்வு பெற்ற பிறகு வாசனையைக் குறிக்க ஆரம்பித்துவிட்டது. 'காலை 7.00 முதல் 7.10 வரை. மாலை 17.00 முதல் 17.10 வரை. மூலம்: பால்பண்ணை.' ஒவ்வொரு கடிதத்திலும் அதே மூன்று வரி. அதனால் இரண்டு முறை ஆய்வு தள்ளிப்போனது. இன்று மூன்றாவது முறை. இன்றைக்கும் தோற்றால் சங்கத்தைக் கலைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து கம்பளி பின்னலாம்.

வேலி ஓரமாக மூக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பத்தடி. பதினைந்தடி. வாசனை கனத்தது. ரேம்ட் வீட்டுப் பக்கச் சுவரில், தரையோடு தரையாக நிலவறை ஜன்னல் ஒன்று முழுசாகத் திறந்து கிடந்தது. வேலியில் இரண்டு மரச்சட்டங்கள் இல்லாத இடம் ஒன்று உண்டு. அதன் வழியே நுழைந்து, மண்டியிட்டு எட்டிப் பார்த்தாள்.

உள்ளே வெள்ளை விளக்கு. அதன் கீழே இடுப்பளவு உயரத்தில் ஆறு செடிகள். தக்காளிக்குக் கட்டுவதுபோல் குச்சி நட்டு, நூல் கட்டி, ஒவ்வொன்றும் மொட்டும் பூவுமாகத் தளதளவென்று நின்றது. நடுவே ஏப்ரன் கட்டிக்கொண்டு, ரேம்டின் மனைவி அல்முத். எழுபத்தொரு வயது.

"மொய்ன், தாலேயா," என்று வணக்கம் சொன்னாள் அல்முத். பிடிபட்டவளின் குரலாக இல்லை. துடைத்த தரையில் சேற்றுக் காலோடு வந்துவிட்டவளைப் பார்க்கும் குரலாக இருந்தது.

"இது... இதெல்லாம் உங்களோடதா?"

"மெதுவாப் பேசு. அவன் மேல முட்டை சாப்பிட்டுட்டு இருக்கான்."

"நாப்பத்தோரு கடிதம்! நாங்க திருட்டுத்தனமா வளர்க்கிறோம்னு உங்க வீட்டுக்காரர் நாப்பத்தோரு கடிதம் எழுதியிருக்கார்!"

"தெரியும். ஸ்டாம்ப் ஒட்டினதே நான்தான்."

தாலேயா வேலிக்கு அப்பால் பால்பண்ணையைப் பார்த்தாள், மறுபடி செடிகளைப் பார்த்தாள்.

"அவனுக்கு இது தெரியாது," என்றாள் அல்முத். "நிலவறைக்கு இறங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. எலி இருக்குமாம், பயம். நாப்பது வருஷமாத் தக்காளி போட்டுப் போட்டு எனக்கும் சலிச்சுப்போச்சு. சட்டம் வந்துச்சு, விதை வாங்கினேன். ஒரு தடவ பிடிச்சும் பார்த்தேன். இருமல்தான் வந்துச்சு, ஒரு எழவும் இல்ல. ஆனா செடி எவ்வளவு அழகு பாரு!"

"ஒரு ஆளுக்கு மூணுதான் அல்முத்! வீட்ல மூணு செடி வச்சுக்கலாம். நாலாவதுலேருந்து குத்தம்!"

"தெரியும். ஆறு விதை போட்டேன், ஆறும் முளைச்சிருச்சு. நல்லா முளைச்ச கன்னை எந்தப் பாவியாவது பிடுங்கிப் போடுவாளா?"

"சரி. சரி. இதைக் கேளுங்க. இன்னிக்கு ஆய்வாளர் வர்றாரு. அஞ்சு மணிக்கு இந்த ஜன்னலைத் திறக்காதீங்க. இன்னிக்கு ஒரு நாள் மட்டும்."

மூச்சு விடாமல் இரு என்று சொன்னதுபோல் பார்த்தாள் அல்முத். "திறக்காமயா? காத்து மாத்தலன்னா சுவர்ல பூஞ்சை பிடிச்சுக்கும். கல்யாணமாகி வந்த நாள்லேருந்து காலைல ஏழு, சாயங்காலம் அஞ்சு, பத்து பத்து நிமிஷம். ஒரு நாள் தவறினதில்ல. பனி கொட்டினப்பகூட."

"ஒரே ஒரு நாள்!"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டியே?"

"சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா! ஜன்னலைச் சாத்துங்க முதல்ல!"

எழுந்து திரும்பினால், வீட்டு மூலையில் ரேம்டின் தலை. ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் நோட்டு, காதில் பென்சில்.

"ஏழு மணி எட்டு நிமிஷம்," என்றார் ரேம்ட். "வாசனை: கடுமை. மூலம்: பால்பண்ணை. என் தோட்டத்துல உனக்கு என்ன வேலை?"

"பூனையைத் தேடினேன்."

"உன்கிட்ட பூனை இல்ல."

"அதான் தேடுறேன்!" தாலேயாவுக்குப் பல் நறநறத்தது. "ரேம்ட், காத்து எந்தப் பக்கம் அடிக்குது பாருங்க. உங்க வீட்டுப் பக்கமிருந்து எங்க பக்கம் அடிக்குது. எங்க வாசனை எதிர்க்காத்துல நீந்தியா வருது?"

முப்பத்தெட்டு வருடம் கடல் காற்றோடு வாழ்ந்த மனிதர் ஒரு நொடி வானத்தைப் பார்த்தார். பிறகு நோட்டை மூடினார்.

"காத்து சுத்தும்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கூடத்துக்குள் திரும்பியபோது ஃபோக்கோ விசிறிக்கு மின்சாரம் கொடுத்து முடித்திருந்தான்.

"தலைவி, கேளு. இப்ப ரூம் மூச்சு விடும்."

விசையை அழுத்தினான். அறை மூச்சு விடவில்லை. விசில் அடித்தது. பதினாறு சுவர்ப் பலகைகளின் பதினாறு இடுக்கிலிருந்தும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதியில். உள்ளே இழுக்கும் காற்று ஒரு வழியாக மட்டுமே வர வேண்டும். இங்கே கண்ட இடமெல்லாம் வழி.

தாலேயா அறுபத்து நான்கு பக்கக் கையேட்டைப் புரட்டினாள். முப்பத்தோராம் பக்கம். பலகையின் ஓரத்தில் இடுக்கை அடைக்கும் ரப்பர் உதடு ஒன்று இருக்கும், ஈரம் புகாத தாளும் அதே பக்கம்தான். அம்புக்குறி காட்டும் அந்த முகம் ஈரம் உள்ள பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

அவள் சுவரைப் பார்த்தாள். பதினாறு அம்புக்குறிகளும் வெளியே, அவளையே காட்டின.

"ஃபோக்கோ," என்றாள் மிக மெதுவாக. "இந்தப் பேஜை நீ படிச்சியா?"

"நான் ஏன் படிக்கணும்? நூத்துப்பத்துக் குளிர் ரூம் மாட்டினவன் நான்."

"குளிர் ரூம்ல ஈரம் எந்தப் பக்கம்?"

"வெளிப்பக்கம். உள்ள ஜில்லுனு இருக்கும், வெளிக்காத்துலதான் ஈரம். அதனால தாள் வெளிய பார்க்கணும். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"இது குளிர் ரூமா?"

ஃபோக்கோ பலகையைப் பார்த்தான். அம்புக்குறியைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினான்.

"செடி மூச்சு விட்டா... ஈரம் உள்ள இருக்கும், இல்ல?"

"ஆமாய்யா! உள்ளதான் இருக்கும்! செடி ரூம்யா இது! பால் ரூம் இல்ல!"

"இப்ப சொல்ற. திங்கக்கிழமையே சொல்லியிருக்கலாம்ல?"

கையேட்டை அவன் மேல் எறியாமல் இருந்ததுதான் அந்த நாளில் தாலேயா செய்த மிகப் பெரிய நிர்வாகப் பணி. கூரையை முழுவதும் இறக்கினார்கள். நாற்பத்தெட்டுக் கொக்கிகளைத் திருகி விடுவித்தார்கள். பதினாறு பலகைகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். கதவு மட்டும் எதிர்த்திசையில் மாட்டிக்கொண்டு, மேல் கீழ் மாறி, கைப்பிடி முழங்காலருகே வந்து நின்றது. அதைத் திரும்பக் கழற்றினார்கள்.

பதினோரு மணிக்கு ஃபோக்கோ ஆலன் கீயைக் கீழே வைத்தான்.

"வேண்டாம்," என்றாள் தாலேயா. "இன்னிக்கு வேண்டாம்."

"பதினோரு மணி டீ, தலைவி."

"நாலு மணி நேரம்தான்யா இருக்கு!"

"டீ குடிக்காத கையில மாட்டினா கோணல்தான் வரும்."

"டீ குடிச்ச கையிலதான்யா பதினாறும் தலைகீழா வந்துச்சு!"

ஆனால் ஓஸ்டர்ஹாமில் பதினோரு மணி டீயைத் தடுக்க எந்தத் தலைவிக்கும் அதிகாரம் கிடையாது. கற்கண்டு கோப்பையில் விழுந்து வெடிக்க வேண்டும், பாலாடை மேலே மேகமாக விரிய வேண்டும், மூன்று கோப்பை முடிய வேண்டும். ஃபோக்கோ மூன்றையும் ரசித்துக் குடித்தான். தாலேயா மூன்றையும் நின்றபடியே, மருந்து மாதிரி விழுங்கினாள். முப்பத்தைந்து நிமிடம் போனது.

கடைசிக் கூரைப் பலகையின் கடைசிக் கொக்கி 'டக்' என்றபோது மணி இரண்டு ஐம்பத்தாறு.

இரண்டு ஐம்பத்தெட்டுக்கு ஆய்வாளர் லூக்கன் வாசலில் நின்றார். ஒல்லியான மனிதர், மழைக்கோட்டு, ஒரு கையில் அளவு நாடா, மறு கையில் தலையணை தடிமனில் ஒரு கோப்பு. அதன் பாதி ரேம்டின் கையெழுத்து.

"மொய்ன்," என்றார். "ஆரம்பிக்கலாமா?"

அளந்தார். பூட்டை ஆட்டினார். ஜன்னல் கம்பிகளை எண்ணினார். பிறகு ஃபோக்கோ, ஊர்த் துப்பாக்கி சுடும் சங்கத் திருவிழாவின் நடன மேடையிலிருந்து கடன் வாங்கிய புகை இயந்திரத்தை அறைக்குள் வைத்து, கதவைச் சாத்தி, விசிறியைப் போட்டான். ஐந்து நிமிடத்தில் கண்ணாடித் துவாரத்துக்குப் பின்னால் வெறும் வெண்மை. லூக்கன் ஒரு கைவிளக்கோடு பதினாறு இடுக்குகளையும், கூரையின் எல்லா விளிம்புகளையும், கதவின் அடிப்பாகத்தையும் தேடினார். தாலேயா அவர் பின்னாலேயே நடந்தாள்.

ஒரு நூல் புகைகூட வெளியே வரவில்லை. விசிலும் இல்லை.

"பிரமாதம்," என்றார் லூக்கன். "இவ்வளவு இறுக்கமா மாட்டின ரூமை நான் பார்த்ததில்ல."

"குளிர் ரூம் அனுபவம்," என்றான் ஃபோக்கோ, வெட்கமே இல்லாமல்.

தாலேயா நாற்காலியில் விழுந்தாள். முடிந்தது!

முடியவில்லை. லூக்கன் கோப்பைத் திறந்தார்.

"இந்தப் புகாருங்க. ரூம் சரி. ஆனா வாசனை? மூணு வாரமாச் செடி இருந்து, நேத்து ராத்திரி எடுத்திருக்கலாம்னு ஒருத்தர் சொன்னா நான் என்ன பதில் சொல்றது?"

"இங்க செடியே இருந்ததில்ல! பெட்டி பிரிச்சதே திங்கக்கிழமை!"

"நம்புறேன். ஆனா என் நம்பிக்கையைக் கோப்புல ஒட்ட முடியாதுங்க. வாசனையோட மூலம் தெரியணும். மூலம் தெரியாம புகாரை மூட முடியாது. புகார் திறந்திருக்கும்போது அனுமதி குடுக்க முடியாது." கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணிக்கு வரும்னு எழுதியிருக்கார். காத்திருக்கேன். வந்தா, எங்கிருந்து வருதுன்னு நானே பார்த்துக்கறேன்."

"வரலன்னா?"

"வரலன்னா மூலம் தெரியல. கோப்பு மேலிடத்துக்குப் போகும். அடுத்த வருஷம் பார்க்கலாம்."

காலையில் மண்டியிட்டுக் கெஞ்சி மூடவைத்த அதே ஜன்னல்! இப்போது அது திறந்தால் சங்கம் பிழைக்கும், அல்முத் மாட்டுவாள். மூடியிருந்தால் அல்முத் பிழைப்பாள், தொண்ணூற்று நான்கு பேரின் ஒரு வருடம் போகும்.

"உங்களுக்குத் தெரியுமா," என்று கேட்டார் லூக்கன், சாதாரணமாக, "எங்கிருந்து வருதுன்னு?"

ஒரு வாக்கியம் போதும். பக்கத்து வீட்டு நிலவறை. மூன்றே சொல்.

"எங்க ரூம்லேருந்து இல்ல," என்றாள் தாலேயா. "அது மட்டும் சத்தியம்."

நாலரை மணிக்கு, காற்று வாங்குவதுபோல் வேலிப் பக்கம் போனாள். சமையலறை ஜன்னலில் அல்முத் தெரிந்தாள். தாலேயாவைப் பார்த்ததும் கீழே நிலவறைப் பக்கம் விரலை நீட்டி, உதட்டசைவில் சொன்னாள்: "கவலைப்படாத. திறக்க மாட்டேன்!"

திற என்று எப்படிச் சொல்வது? தாலேயா வாயைத் திறந்தாள், மூடினாள், கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டு திரும்பினாள்.

கூடத்தில் ரேம்ட் வந்து உட்கார்ந்திருந்தார். புகார்தாரர் என்று லூக்கன்தான் கூப்பிட்டனுப்பியிருந்தார். ஃபோக்கோ அவருக்கும் டீ ஊற்றியிருந்தான். ஆனால் நாற்பத்தொரு முறை கேட்டது கிடைத்த மனிதரின் முகம் அது இல்லை. கோப்பையைத் தொடவே இல்லை.

"காத்திருக்க வேண்டாமே, ஐயா," என்றார் லூக்கனிடம். "எல்லாம்தான் எழுதியிருக்கேனே. தேதி, நேரம், காத்து."

"நேர்ல பார்க்கறதுதான் முறைங்க."

"முப்பத்தெட்டு வருஷம் நானும் அறிக்கை அனுப்பினேன். தினம் நாலு தடவ நீர் மட்டம். ஒருத்தன்கூட நேர்ல வந்து பார்த்ததில்ல." அவர் குரலில் பெருமை இல்லை. ஏமாற்றப்பட்டவரின் முறையீடு மாதிரி இருந்தது. "எழுதினா ஃபைல்ல போட்டு வைப்பாங்கன்னு நெனச்சேன்."

"பின்ன எதுக்குய்யா எழுதின?" என்றான் ஃபோக்கோ. "போட்டு வைக்கவா?"

ரேம்ட் அவனை முறைத்தார்.

ஐந்துக்கு இரண்டு நிமிடம். நான்கு பேரும் கூடத்து வாசலில் நின்றார்கள். லூக்கன் மழைக்கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார். தாலேயா நகத்தைக் கடித்தாள். ரேம்டின் ஊன்றுகோல் சிமென்ட் தரையில் தட்டிக்கொண்டே இருந்தது.

ஐந்து.

ஒன்றும் இல்லை. ஈரப்புல், சாணம், கடல் உப்பு. வழக்கமான ஓஸ்டர்ஹாம் காற்று.

ஐந்து மணி ஒரு நிமிடம். லூக்கன் பேனாவை எடுத்தார். "சரி, அப்ப 'மூலம் தெரியவில்லை'ன்னு..."

வந்தது.

பச்சையாக, பிசுபிசுப்பாக, காலையில் வந்ததைவிட இரண்டு மடங்கு வலுவாக, முழு நாள் அடைபட்டிருந்த கோபத்தோடு வந்தது.

"ஆஹா!" லூக்கன் மூக்கைத் தூக்கினார். அறைப் பக்கம் திரும்பினார். இல்லை. விசிறியின் வெளிக்குழாயில் முகர்ந்தார். இல்லை. வேலிப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

"அங்க இல்ல!" ரேம்ட் ஊன்றுகோலைக் குறுக்கே நீட்டினார். "பால்பண்ணை நாத்தம்தான் அது! அந்தப் பக்கம் சேறு! வழுக்கும்!"

"பரவால்லங்க, பூட்ஸ் போட்டிருக்கேன்." லூக்கன் ஊன்றுகோலைச் சுற்றிக்கொண்டு, சட்டமில்லாத இடைவெளியில் நுழைந்து, நேராக ஜன்னலருகே போய்க் குனிந்தார்.

ஜன்னல் விரியத் திறந்திருந்தது. கைப்பிடியில் இன்னும் கை வைத்தபடி அல்முத் நின்றாள். அந்தக் கையை அது யாருடையதோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ," என்றாள். "ஜாம் பாட்டில் எடுக்கத்தான் வந்தேன். கடிகாரம் அடிச்சுது. கை தானாப் போய்த் திறந்திருச்சு. தாலேயா, சத்தியமா, கை தானா!"

தாலேயா நெற்றியில் அடித்துக்கொண்டாள். நிம்மதியாலா எரிச்சலாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

லூக்கன் மண்டியிட்டபடியே கோப்பைத் தொடையில் வைத்து எழுதினார். எழுதியதைச் சத்தமாகவும் படித்தார். "வாசனையின் மூலம் கண்டறியப்பட்டது. சங்கத்தின் அறைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நாற்பத்தொரு புகார்களும் முடித்துவைக்கப்படுகின்றன." கையெழுத்திட்டார். "தலைவரே, அனுமதி அடுத்த வாரம் தபால்ல வரும்."

தொண்ணூற்று நான்கு பேரின் பாரம் தாலேயாவின் தலையிலிருந்து இறங்கியது. அவளால் சிரிக்க முடியவில்லை. லூக்கன் இன்னும் எழுந்திருக்கவில்லை. விரலை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார்.

"...நாலு, அஞ்சு, ஆறு." அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "அம்மா, ஒரு ஆளுக்கு மூணுதான். ஆறு இருக்கு. ஆறும் உங்களோடதா?"

"பொய் சொல்லிப் பழக்கம் இல்லைங்க," என்றாள் அல்முத். நிமிர்ந்து நின்றாள். "ஆமா. ஆறும்..."

"மூணுதான் அவளோடது," என்றார் ரேம்ட்.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் ஊன்றுகோலின் மேல் முழு எடையையும் போட்டு நின்றார். காது வரை சிவந்திருந்தது.

"இந்த வீட்ல பெரியவங்க ரெண்டு பேர். அவளுக்கு மூணு, எனக்கு மூணு. சுவரோரமா இருக்கறது என்னோடது. எழுதிக்கங்க."

"ரேம்ட், எதுக்குப் பொய் சொல்ற?" அல்முத் ஜன்னல் வழியாகவே சீறினாள். "இவனுக்கு எதுவும் தெரியாதுங்க! செடி இருக்கறதே தெரியாது! இங்க பக்கமே வந்ததில்ல!"

"தெருவுல எல்லாரும் மூக்கைத் தூக்க ஆரம்பிச்சாங்க," என்றார் ரேம்ட். அவளைப் பார்க்கவில்லை, லூக்கனின் பூட்ஸைப் பார்த்துச் சொன்னார். "எங்கிருந்து வருதுன்னு யாராவது கேக்கறதுக்கு முன்னாடி, பால்பண்ணைன்னு நான் எழுதி வச்சேன். எழுத்துல இருந்தா ஊர் நம்பும்."

"நாப்பத்தோரு தடவையா?" என்றாள் தாலேயா. குரல் கீச்சிட்டது. "நாப்பத்தோரு தடவையா ரேம்ட்?"

"தினம் ரெண்டு தடவ திறக்கறாளே, நான் என்ன பண்றது!"

"அப்படீன்னா... உனக்கு எப்பலேருந்து தெரியும்?" என்றாள் அல்முத். "சும்மா சொல்லாத. என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொல்ற."

ரேம்ட் இப்போதுதான் குனிந்து ஜன்னலுக்குள் அவள் முகத்தைப் பார்த்தார்.

"பிப்ரவரியில உன் தங்கச்சி வீட்டுக்குப் பதினஞ்சு நாள் போனியே, அல்முத். தொட்டிக்குத் தொட்டி தண்ணி உறிஞ்சத் திரி போட்டு, ஒரு வாளித் தண்ணியும் வச்சுட்டு. அந்த வாளி மூணாம் நாளே வத்திப்போச்சு. மிச்சம் பன்னிரண்டு நாள் யார் தண்ணி ஊத்தினான்னு நெனச்ச?"